வீசிங் இல்லாதவளுக்கு வீசிங் மாத்திரை

1994 ஜூன் 6, திங்கள்
காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் இல்லை. ஜிம்மில் தூக்கிய பளு போன வாரத்தைவிடக் கம்மி. சரியான தூக்கமில்லை, பிறகு எப்படி? பயிற்சி தரும் மாஸ்டர் மாத்திரையை இன்னும் கூட்டச் சொன்னார். ஆஸ்துமாக்காரர்கள் போடுகிற வீசிங் மாத்திரை. எனக்கு வீசிங்கே கிடையாது.

"சதை புடிக்கும்மா. மூச்சுக்குக் குடுக்கறதுதான, இன்னா ஆவப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்போர்ட்ஸ் கோட்டா தேர்வு. தேறினால் அரசு வேலை. வயது இருபத்தாறு. அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

அப்பா சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

ஜூன் 8, புதன்
பொத்தான் தைக்கவில்லை. ஊசியில் நூல் கோக்க விரல் நிற்கவில்லை. அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி, கை இப்படி உதறுது?"

வெயில் என்றேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு தடதட. கெண்டைக்காலில் பிடிப்பு. தலைவலி.

மாலை செல்வி வந்தாள். கள்ளிக்குப்பத்துப் பெண், என்னோடு பளு தூக்குகிறவள். என்னைவிடச் சின்னவள்.

"அக்கா, ஒடம்பு சும்மா இறுகிப்போய்க் கீது உனுக்கு!"

சந்தோஷமாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான்.

ஜூன் 11, சனி
ஆவடி ஸ்டேஷன் படியில் கண் இருண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது ஓங்கி அடித்தது. பூக்காரம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் விட்டாள். இசிஜி. ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் குறைவாம். டாக்டரம்மாவிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, நாளைய தேர்வையும் சொன்னேன்.

"மூச்சுக்குழாய் திறக்கறதுக்கும்மா இது. இவ்ளோ போட்டா இதயத்தை விரட்டும். நாளைக்குப் பளு தூக்கினா உயிருக்கு நான் பொறுப்பில்ல."

சேர்த்துக்கொண்டார்கள். அப்பா வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 12, ஞாயிறு
தேர்வு முடிந்திருக்கும். சாத்துக்குடி ஜூஸ். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு நிஜமான வீசிங். காலையெல்லாம் மூச்சு இழுத்தது. நர்ஸ் கொடுத்தது அதே மாத்திரை. போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிப்போனாள். அந்தப் பக்கம் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஜூன் 15, புதன்
வீடு. அசதி. மாஸ்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜிம் பெருக்கும் கமலா வந்தாள். மாஸ்டர் இப்போது செல்விக்கு அந்த மாத்திரை தருகிறாராம்.

அம்மா தடுத்தும் பஸ் ஏறினேன். கள்ளிக்குப்பம். தெருவில் இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்தேன். செல்வி வாசலிலேயே மறித்தாள்.

"உனுக்கு ஒத்துக்கல, அதுக்கு நான் இன்னா பண்றது? எனுக்கு ஒண்ணும் ஆவல. கம்முனு ஊட்டுக்குப் போக்கா."

பின்பக்கம் அவள் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நேரே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா ஈரக்கையோடு உள்ளே போய்ச் செல்வியின் பையைக் கவிழ்த்தாள். அட்டை விழுந்தது. பாதி காலி.

"நாளைக்கே அந்த டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போறேன்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமே இந்தப் பக்கம் வராத."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆவடி வரை அழுதேன். கைவிட்டுப் போன அரசு வேலைக்கா, செல்விக்கா, தெரியவில்லை.