தடிச்ச பக்கம் கடல் பக்கம்

மன்னித்துக்கொள். உனக்குக் கடிதம் எழுதுவது சரியில்லை என்று எனக்கே தெரியும். இருந்தபோதே நீ எதையும் படிக்க மாட்டாய். நான் நீளமாக ஒரு செய்தி அனுப்பினால், "வாயால சொல்லுமே, வாயி இன்னாத்துக்குக் கீது?" என்று உன் குரல்தான் பதிலாக வரும். இன்று வாயால் சொல்லலாம் என்றால் கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

என் துப்பட்டாவில் கியர் ஆயில் வாடை அடிக்கிறது. சோப்பு போட்டு அலசியும் போகவில்லை. அந்தக் கருகிய வாடைக்குள் மீன் தண்ணீரின் உப்பும் இருக்கிறது. "கலீஜு, வெளிய போடுடீ இத்த" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் முழுவதும் உன் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். நீ போனபிறகு அதற்கு அடியில் நான் போனது இன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடப் போகிறார். தள்ளாமல் இருக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தாம் வகுப்புவரை பெண்கள் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. அதோடு நீ பள்ளியை விட்டாய். நான் தொடர்ந்து போனேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ஆனேன். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று தெருவில் சொல்லக்கூட எனக்குக் கூச்சம். நீதான் எனக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ரேஷன் கடை வரிசையில் நின்று, "எங்க இன்ஜினீரு வருது, வழி வுடுங்க" என்று நீ கத்தியபோது நான் திரும்பி வீட்டுக்கே ஓடிவிட்டேன். அன்றைக்குத்தான் என்னிடம் ஒரு சட்டம் போட்டாய். "இனிமே நீ வாய்தொறந்து கேக்காத எதையும் நான் தர மாட்டேன். பஜ்ஜியா இருந்தாலும் சரி, உசுரா இருந்தாலும் சரி. கேளு." எத்தனை பஜ்ஜி நான் கேட்காமலே ஆறிப்போனது என்று உனக்கே தெரியும்.

உன் அப்பா ஏலத்தில் எடுத்த ஜீப் அது. ஐஸ் பெட்டி ஏற்ற வாங்கினார். அவருக்குப் பிறகு ஸ்டியரிங்கை நீ பிடித்தாய். கடல் அரிப்பைத் தடுக்க நம் குப்பத்தின் கரை முழுக்கப் பாறை கொட்டிவிட்டார்கள். படகு ஒதுங்க ஒரு துண்டு மணல்தான் மிச்சம். அந்த மணலிலிருந்து ரோட்டுக்கு ஏற, பாறைகளுக்கு நடுவே ஒரு மேடு. கன்னியம்மா அக்காவும் மற்ற பெண்களும் ஈரம் சொட்டும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவார்கள். கால் சறுக்கி ஒருமுறை அக்காவின் மணிக்கட்டு ஒடிந்தது. மறுநாளே ஜீப்பை நேராக மணலில் இறக்கினாய். இறங்கிய வண்டி ஏறவில்லை.

அது ஏன் ஏறவில்லை என்று நான் குனிந்து பார்த்தேன். பின் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்குக் கீழே கமான் பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வில் மாதிரி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். அதற்கும் கீழே போல்ட்டும் தகடும். சக்கரம் கொஞ்சம் புதைந்ததுமே அந்தத் தகடு மணலை வாரிக்கொண்டு வந்தது. உன் அண்ணன் பாறைமேல் குந்திக்கொண்டு சிரித்தார். "இன்னாமே, இது ஜீப்பா, ஏரா? சொல்லு, வெதை வாங்கியாறேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் ஈர மணலில் விரலால் வரைந்தேன். அச்சுக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே கமானுக்கு ஒரு வில். அந்த வில்லை அழித்துவிட்டு வட்டத்துக்கு மேலே வரைந்தேன். நீ குனிந்து பார்த்தாய். "கீழ கீறத்த மேல வெச்சா வண்டி தூக்கிக்கும். மணலும் அள்ளாது. அதானே?" தலையாட்டினேன். "தலையாட்டாத. சொல்லு." "அதான்" என்றேன். கல்லூரியில் நான்கு வருடம் நான் வாய் திறந்து சொன்ன பதில்களைவிட அந்த ஒரு சொல் பெரிது.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனோம். அச்சின் மேற்பக்கம் கமான் உட்காரத் திண்டு வெல்டிங் வைக்க வேண்டும் என்று நீ சொன்னதும் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு சொன்னது இத்த?"

"இவதான்."

"படிச்ச பொண்ணா? ஏம்மா, வண்டியத் தூக்கிட்டா சாஃப்ட்டு இன்னா ஆவும், அத்த யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். சொல்லத்தான் வரவில்லை. கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் அந்த நீளத் தண்டு, வண்டி உயர்ந்தால் அதிகமாகச் சரியும். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு மூட்டு, கிராஸ். சரிவு கூடினால் கிராஸ் தன் அளவுக்கு மேல் மடங்கும், உதறும், கடைசியில் உடையும். அதைத் தடுக்க, தண்டு வந்து சேரும் அச்சின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி, தண்டைப் பார்க்க வைக்க வேண்டும். தண்டை நீட்டவும் வேண்டும். இத்தனையையும் நான் சொல்லி முடிப்பதற்குள் பாயின் டீ ஆறிவிட்டது. ஆனாலும் அவர் கடைசிவரை கேட்டார். "நல்லாதான் யோசிச்சிகீற. அப்ப கமானுக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு வெக்கணும்" என்றார்.

நீ கடை அதிரச் சிரித்தாய். "ஆப்பா? இவ்ளோ நாளா ஊரு நமக்கு வெச்சிச்சி. இப்ப நாம வெக்கப்போறோம், பாய்!"

ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்த இரண்டு இரும்புத் துண்டுகள். அவ்வளவுதான் ஆப்பு. தடித்த பக்கம் வண்டியின் பின்புறம் இருந்தால் அச்சின் மூக்கு மேலே தூக்கும். திருப்பி வைத்தால் தரையைப் பார்க்கும். அன்று ஜீப் உன் வீட்டு வாசலில் ரோட்டைப் பார்த்து நின்றது. பின்புறம் கடல். நம் குப்பத்தில் யார் இடது வலது சொல்கிறார்கள்? பல்லுக்குக்கூட, "கடல் பக்கப் பல்லு வலிக்குது" என்று டாக்டரிடம் சொன்னவர் உன் அம்மா. நானும் அப்படித்தான் சொன்னேன். "தடிச்ச பக்கம் கடல் பக்கம்." நீ ஒருமுறை திருப்பிச் சொன்னாய். நான் வேலைக்குப் போய்விட்டேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது.

மறுநாள் வலை காயப்போட இடம் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து ஜீப்பைத் தள்ளித் திருப்பி நிறுத்தினார்கள். இப்போது அதன் மூக்கு கடலைப் பார்த்தது. நீ ஜாக்கி போட்டு, மல்லாந்து படுத்து, நான் சொன்ன சொல் மாறாமல் தடித்த பக்கத்தைக் கடல் பக்கம் வைத்து முறுக்கினாய்.

குப்பமே வேடிக்கை பார்க்க வந்தது. ஜீப் உயரமாக, புதுச் செருப்பு போட்ட பெண் மாதிரி நின்றது. மணலில் இறங்கும்போதே வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு நடுக்கம். மேட்டில் ஏறும்போது அது உதறலானது. பாதி மேட்டில் டங்கென்று ஒரு சத்தம். தண்டு கழன்று மணலில் விழுந்தது. பின் கிராஸ் இரண்டாக உடைந்துகிடந்தது. ஆப்பு திரும்பியிருப்பதை நான் குனிந்து விரலால் காட்டினேன்; "நீ சொன்ன மாதிரி கடல் பக்கந்தான வெச்சேன்?" என்றாய், எல்லார் காதிலும் விழ.

"இன்ஜினீரு தனக்கே ஆப்பு வெச்சிகிச்சிடோய்!" என்று யாரோ கத்தினார்கள். உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கடல் எது, ரோடு எதுன்னு தெர்ல, இதுங்க வண்டி கட்டுதுங்களாம்." நான் பாறைகளுக்கு நடுவே எங்கேயாவது நுழைந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், வலிக்கிற மாதிரி. பிறகு ஜீப்பின் பம்பர்மேல் ஏறி நின்றாய்.

"இன்னா சிரிப்பு? அவ சொன்னது சரி. நான் வெச்சதும் சரி. ஜீப்பு திரும்பிச்சி, கடலு திரும்பல. தள்ளினது யாரு? நீங்க. இப்ப எறங்கி வந்து இத்த மேல தள்ளுங்க."

வந்து தள்ளினார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சிரித்துக்கொண்டேதான், ஆனாலும் தள்ளினார்கள்.

ஆப்பைத் திருப்பி வைத்து, புதுக் கிராஸ் போட்டு மறுபடி இறக்கியபோது அந்த மேட்டை ஜீப் முனகாமல் ஏறியது. பின்னால் கூடைகள், கூடைகளுக்கு நடுவே கன்னியம்மா அக்கா. "அடியே, கப்பல்ல போற மாதிரி கீதுடீ!" என்று அக்கா கூவியது ரோடுவரை கேட்டது. அதன்பிறகு நம் குப்பத்தில் எந்தப் பெண்ணும் அந்த மேட்டில் தலைச்சுமையோடு ஏறவில்லை. நீ ஓட்டுவாய். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உன் கை கியரை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்தக் கையை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஒருநாள் மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, "கேளு" என்றாய். நான் கடலைப் பார்த்தேன். "கேக்க மாட்ட? சரி, வுடு. கண்ணு மட்டும் கேக்குது, வாயி கேக்க மாட்டுது" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாய்.

மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மழை விடுவதற்குள் நீ இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். "கொடுத்து வெச்சது அவ்ளோதான்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு யாரும் எதையும் கொடுத்து வைக்கவில்லை. நீயாகத்தான் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கினாய்.

நீ போனபிறகு ஜீப் வாசலிலேயே நின்றது. பெண்கள் மறுபடி கூடையைத் தலையில் ஏற்றினார்கள். நேற்று சாயங்காலம் உன் அண்ணன் காயலான் கடைக்காரரை அழைத்துவந்தார். அவர் டயரை உதைத்துப் பார்த்தார். நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எப்போதும் போல ஓரமாகப் போயிருப்பேன். ஆனால் அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கமான்லாம் தப்பா மாட்டிக்கீது, இத்த எவன் செஞ்சான்? இரும்பு வெலதான்" என்றார்.

"எவனும் செய்யல. நாங்க செஞ்சோம். அது தப்பா இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அவரிடம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தங்கச்சி, வாசல்ல நிக்கிறத்த தெனம் பாக்க முடியலம்மா என்னால. ஓட்டறவ இல்லாத வண்டி வெறும் இரும்பு. யாரு ஓட்டுவா? எனக்கு அந்த மேடு ஆவாது."

"நான் ஓட்டுறேன்."

கன்னியம்மா அக்கா கூடையை இறக்கி வைத்தார். யாரோ, "இது பேசுமா?" என்றார்கள். காயலான் கடைக்காரர் சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம காலைல கூடையோட மேட்டுல ஏத்திக் காட்டு. ஏறிச்சின்னா வண்டி உன்னுது. ஏறலன்னா எடுத்துகினு போவட்டும்."

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில், தார் ரோட்டில், பக்கத்தில் ஒருவர் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டிருக்க வாங்கியது. மணலில் ஓட்டியதில்லை. அதனால்தான் இன்று அடியில் போய்ப் படுத்தேன். பின் கிராஸ் துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்றி, கிரீஸ் அடித்து மாட்டினேன். ஆப்பு வைத்த இடத்தில் அசைவில்லை. போல்ட்டுகளை முறுக்கினேன். நீ உளியால் அச்சில் செதுக்கிய எழுத்து ஆயில் அழுக்குக்கு அடியில் அப்படியே இருந்தது: 'கடல்'. ஆப்பைத் திருப்பி வைத்த அன்று, பின்பக்கத்தைக் காட்டி நீ செதுக்கியது. "இனிமே வண்டி எங்க பாத்து நின்னாலும் கடலு இந்தப் பக்கந்தான்" என்றாய். நான் அதை விரலால் துடைத்தேன்.

போன மாதம் கம்பெனியில் ஒரு பாகத்தை எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்த வேண்டும் என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். பழக்கத்தில் 'கடல் பக்கம்' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி படித்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். முன்பென்றால் கழிப்பறைக்குள் போய் அழுதிருப்பேன். அன்று நான் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் 'பின்புறம்' என்றும் எழுதிக் கொடுத்தேன். திரும்பியது நீங்கள், கடல் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இதுதான். திருப்பி நிறுத்தினாலும் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாளை ஞாயிறு. சாவி உன் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்குக் கீழே, ஆணியில் தொங்குகிறது. உன் அம்மா, "எடுத்துக்கோம்மா" என்றார். நான் எடுக்கவில்லை. கேட்காத எதையும் தர மாட்டேன் என்று நீ போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. விடிந்ததும் வருவேன். கன்னியம்மா அக்கா வாசலில் கூடையோடு நிற்பார், உன் அண்ணன் நிற்பார், சிரிப்பவர்களும் நிற்பார்கள். அத்தனை பேர் காதிலும் விழ, படத்துக்கு முன்னால் நின்று கேட்கப்போகிறேன். சத்தமாக வருமா என்று இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

சாவியக் குடுடீ. நான் ஓட்டணும்.