டிரெய்லரில் பிடித்து வைத்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இரம் ஸலாம் சொல்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தா காலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறாரா? இங்கே கனடாவில் நான் நலம். குளிர் தொடங்கிவிட்டது.

நீங்கள் இருவரும் வருவீர்கள் என்று வாங்கினேனே, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு போன்ற கேம்பிங் டிரெய்லர், அதை ஞாயிறன்று குளிர்காலத்துக்காக மூடி நிறுத்தினேன். சிட்லபாக்கத்தில் வெளியூர் கிளம்பும் முன் நாம் செய்வதுபோல் தொட்டி, பக்கெட், குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். பூட்டும்போது, என்னோடு வேலை செய்யும் படப்பைக்காரர் குமரவேல் அண்ணா உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? இங்கயும் தண்ணி லாரிக்குக் காத்துகினு கீறியா? ஐஸாயி பைப்பெல்லாம் வெடிச்சிடும்!”

சொட்டு விடாமல் வடித்துவிட்டோம். ஒன்றும் சேதமில்லை, கவலைப்படாதீர்கள். உங்களுக்காகப் போட்ட இரண்டு மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

அண்ணா நாளை ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது, மெத்தைமேல் விரிக்க உங்கள் பழைய சேலைகள் இரண்டைக் கொடுங்கள். துவைத்துத் தர வேண்டாம், இங்கே மெஷின் இருக்கிறது.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

இரம்