இரண்டு மாத்திரையும் ஒன்றுதான்

சௌல்தாரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அருண்பிரசாத்துக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் நளினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா காது கேட்கிற தூரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நீயும் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் மாத்திரை என்று ஆரம்பித்தேன், 'ஸ்டாக் தீந்துடுச்சாம்மா, அனுப்பிடுறேன்' என்றாய். காகிதம் என்றால் நடுவில் வைத்துவிட முடியாது, முழுதும் படி.

அப்பா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். கிட்னியில் ஏதோ இன்ஃபெக்ஷன் என்று நீ நளினி வீட்டாரிடம் சொன்னாயாம். இன்ஃபெக்ஷனும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. மழை விட்ட பிறகு பாக்குத் தோட்டத்திலிருந்து வந்து தொடை வலிக்கிறது என்றார், வயசாகிறது, ஏறி இறங்குகிறார், வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். பத்து நாளில் கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. முப்பது வருஷம் பி.டபிள்யூ.டி.யில் கூலி மஸ்தூராக ரோடு போட்ட மனுஷன், என் தோளைப் பிடித்து எழும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். பிறகு ஒருநாள் காலை சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போயிற்று. நான் அலறியதைக் கேட்டு பக்கத்து வீட்டு ஜெயமணிதான் ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

அங்கே ஒரு பெங்காலி டாக்டரம்மா, நல்ல மனுஷி, ரத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஹிந்தியில் சொன்னார். சதை கரைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியைப் போட்டு அடிக்கிறதாம், கொழுப்பு மாத்திரை உடம்பில் அளவுக்கு மிஞ்சினால் இப்படி ஆகுமாம், ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சடைப்பு வந்தபோது இங்கே எழுதிக் கொடுத்த அளவுக்கு இப்படி ஆவது ரொம்ப அபூர்வமாம். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா, 'அவுர் கோயி தவாய்?' என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் உன் அப்பா 'நஹி மேடம்' என்றார். நான் நீ அனுப்பிய மாத்திரை டப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், போர்வைக்குள் என் விரலைப் பிடித்து நசுக்கினார். டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் 'தம்பி அனுப்புனத இவுங்ககிட்ட எதுக்குச் சொல்லணும், அவன் பேரு கெடவா' என்றார். நான் பாவி, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கை கால் வீங்கிப் பேச்சும் குழறவே பயந்துபோய் ஜெயமணியை வீட்டுக்கு அனுப்பி டப்பாவை எடுத்து வரச்செய்து காட்டினேன். டாக்டரம்மா இங்கத்து அட்டையையும் உன் அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். 'நாம் அலக், காம் ஏக்' என்றார். பேர்தான் வேறாம், வேலை ஒன்றாம். ஏழு மாதமாக உன் அப்பா ஒரே வேலைக்கு இரண்டு மாத்திரை தின்றிருக்கிறார்.

எப்படி வந்தது என்று நினைத்துப் பார். ஆடி மாதம் நாங்கள் சென்னைக்கு வந்தபோது நீதான் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாய். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், அப்பா பையிலிருந்து இங்கத்து ஆஸ்பத்திரி ஓபிடி சீட்டை எடுத்தார். நீ அந்தக் கையைத் தடுத்து 'அதெல்லாம் எடுக்காதீங்கப்பா, அங்க ஏதோ சத்து மாத்திரை மாதிரி குடுக்குறாங்க சார், நீங்க புதுசா எழுதுங்க' என்றாய். அப்பா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கூச்சத்தில் அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். பழையதை நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? இல்லை. இங்கத்து மாத்திரை வெறும் சத்து மாத்திரை, கூடச் சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிட்டதும் ஆஸ்பத்திரி மாத்திரை, காலையில் உன் மாத்திரை. இந்தத் தீவில் எங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு, சோப்போ செருப்போ மருந்தோ கப்பல் ஏறி வந்தால்தான் அசல் என்று நினைப்போம். ஜெயமணி மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பியபோது நீ ஆறு மாதத்துக்குக் கொடுத்தனுப்பினாயே, அந்தப் பொட்டலத்தைத் தெருவில் நான்கு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் பிரித்தார். அவரை மட்டும் சொல்வானேன். தினமும் காலையில் உன் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தது இந்தக் கைதான். என் மகன் கவனிக்கிறான் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது கிட்னி மெல்லத் தேறுகிறது, வீக்கம் வடிந்துவிட்டது. கொழுப்பு மாத்திரை இரண்டையும் இப்போதைக்குத் தொடக்கூடாது, ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் சின்ன அளவில் தொடங்குவார்களாம். அடைப்பு வந்த நெஞ்சுக்கு அது வேண்டுமாம், எத்தனையோ பேர் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்களாம், மருந்தைத் திட்டாதே, இரண்டாகச் சாப்பிட்டதைத் திட்டு என்றார் டாக்டரம்மா. இனிமேல் சதை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே வர வேண்டும். எல்லாம் எனக்குப் புரிந்தது, உன் அப்பாவுக்குத்தான் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் காலி அட்டை, உன்னுடையது. கேட்டால் 'எம்புள்ள தப்பா அனுப்புவானா' என்கிறார். டப்பாவை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. இன்னும் ஒரு அட்டையை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார், அரிசி டிரம் வரைக்கும் தேடிவிட்டேன். டாக்டர் சொன்னாலும் நிறுத்த மாட்டாராம், நான் சொன்னாலும் நிறுத்த மாட்டாராம், தம்பி சொல்லட்டும் என்கிறார்.

ஆகையால் நீ சொல். சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று ஆரம்பிக்காதே. 'அப்பா, டாக்டர் முன்னாடி நான் பேசினது தப்பு, ஒண்ணும் தெரியாமப் பேசிட்டேன், என் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க' என்று உன் வாயால் சொல். உனக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும். பெரிய பெரிய ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன், தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் தேய்ந்துவிட மாட்டாய். நீ தப்பு செய்தாய் என்று ஒத்துக்கொள்வதைவிடச் செத்துப்போவது அவருக்கு லேசாக இருக்கிறது ராசா. எனக்கு அப்படி இல்லை.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அவளுக்குத் தலைசுற்றல் நின்றதா என்று கேட்டதாகச் சொல். மீனாட்சி உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். இதை ஜெயமணி தம்பி முருகானந்தத்திடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை பிளைட்டில் வருகிறான். நீ படித்து முடித்து அப்பாவைக் கூப்பிடுகிற வரை உன் வாசலைவிட்டு நகராதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனை நிற்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பாவோடு நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்ட
உன் அம்மா,
ஒச்சம்மா.