கம்ப்யூட்டரில் சுகமான என் தம்பிக்கு இறப்புச் சான்று வேண்டி

அனுப்புநர்:
ஹமீதா பானு (வயது 34),
த/பெ. (மறைந்த) ஹாஜா முகைதீன்,
பள்ளிவாசல் கீழத்தெரு,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: நெய்தல் மூளை நல ஆய்வு மையம் என் தம்பி சதக்கின் மூளையைப் போலக் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருப்பதை அழிக்கவும், அழித்ததை எழுத்தில் தரவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனுவும், அதற்கு மேற்படி மையம் அளித்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி சதக் துபாயில் லாரி ஓட்டியவன். வண்டியில் இருக்கும் ரேடியோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று வேலையை விட்டு ஊர் திரும்பினான். ரேடியோ இல்லாத எங்கள் வீட்டிலும் அந்தத் திட்டு நிற்கவில்லை. மனச்சிதைவு நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தோம், கடற்கரை தர்கா ஒன்றிலும் தங்க வைத்தோம். சங்கிலி போடக் கூடாது என்று அரசு தடுத்துவிட்டதால், என் தாயார் சாலிஹா தன் சேலை முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு அவனோடு அங்கேயே கிடந்தார்.

2. அங்குள்ள வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கனவில் உத்தரவு வந்தால்தான் நோயாளி கட்டவிழ்ந்து வீடு போகலாம். அந்தக் கனவு நோயாளிக்கே வர வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் முன்பின் தெரியாதவர் கண்டு சொன்னாலும் செல்லும். இதை நம்புவதா வேண்டாமா என்பது வேறு பேச்சு. என் தாயார் நம்பினார்.

3. அந்தச் சமயத்தில்தான் மேற்படி மையத்தின் வேன் வந்தது. நோயாளியின் தலையில் வயர்களை ஒட்டி மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்வார்களாம். அதை வைத்து அதே போன்ற மூளை ஒன்றைக் கம்ப்யூட்டரில் செய்து, புது மருந்துகளை முதலில் அதில் சோதிப்பார்களாம். மனிதரை வதைக்காமல் மருந்து கண்டுபிடிக்கும் வழி என்றார்கள். அது நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் தாயார் கைநாட்டு வைக்கத் தயங்கினார். அவரை இசைய வைக்க டாக்டர் நாகநாதன், தர்கா வழக்கத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, என் முன்னிலையில் சொன்னது இது: "இதுவும் கனவு மாதிரிதாம்மா. ஒங்க மகனுக்குப் பதிலா கம்ப்யூட்டர் காணும்." உடனே கைநாட்டு விழுந்தது.

4. சில மாதம் கழித்து அதே டாக்டர் லட்டு டப்பாவோடு தர்காவுக்கு வந்து, ஆராய்ச்சி பலித்த சந்தோஷத்தில், "ஒங்க மகனுக்குக் கம்ப்யூட்டர்ல சுகமாயிருச்சும்மா" என்றிருக்கிறார். என் தாயார் அங்கேயே முடிச்சை அவிழ்த்துவிட்டார். "உத்தரவு வந்துருச்சு ஹமீதா, எம்புள்ளயக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று எனக்குப் போன் வந்தது. சுகமானவனுக்கு மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தினார். நான் கத்தியது எடுபடவில்லை. டாக்டரே சொன்ன பிறகு தையல்காரியான என் பேச்சு யாருக்கு வேண்டும்?

5. வீடு வந்த அதே வாரம், பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டு, ஊரில் மற்ற பிள்ளைகள் போவது போல, கரையில் மீன் வாங்கி வா என்று அவனைத் தனியே அனுப்பினார். மீனுக்குக் கொடுத்துவிட்ட ஓலைக் கொட்டான் கரையில் கிடந்தது. செருப்பை அதற்குள் ஒழுங்காக வைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்திருக்கிறான். எங்கள் கடல் வெகுதூரம் இடுப்பளவுதான். அவ்வளவு தூரமும் அவன் நடக்க வேண்டியிருந்தது, அவனைத் திருப்பிக் கூப்பிட ஆள் இல்லை. மறுநாள் வலைக்காரர்கள் கொண்டுவந்து போட்டார்கள்.

6. அவனைச் சுகப்படுத்திய மருந்து எது என்று மையத்துக்கே போய்க் கேட்டேன். அது இன்னும் மாத்திரையாக வரவில்லை, வரப் பல வருஷம் ஆகும் என்றார்கள். ஏட்டுச் சுரைக்காயாவது பார்க்கப் பச்சையாக இருக்கும். பிறகு வருத்தம் தெரிவித்து, டீ கொடுத்து, அவன் 'ஒன்பதாம் மாதிரி' என்றும், மிக நல்ல மாதிரி என்றும், தொடர்ந்து பயன்படுத்த வீட்டார் சம்மதம் வேண்டும் என்றும் காகிதம் நீட்டினார்கள். ஒவ்வொரு புது மருந்துக்கும் முதலில் நோயை ஏற்றுவார்களாம், பிறகு இறக்குவார்களாம். ஏற்றினால்தான் இறங்குவது தெரியுமாம். ஐயா, நான் பத்தாவது படித்தவள். அவர்கள் காட்டிய திரையில் ஓடுவது வெறும் கோடுகள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோடு துள்ளியபோது காகிதத்தை அவர்கள் பக்கமே தள்ளிவிட்டேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

7. என் முதல் மனுவின் பேரில் தாங்கள் விளக்கம் கேட்டதற்கு அவர்கள் அனுப்பிய பதிலின் நகல் எனக்கும் வந்தது. "ஒன்பதாம் மாதிரி சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்கியது. குறை ஏதும் இல்லாததால் புகாருக்கு முகாந்திரம் இல்லை." மையத்தாங்கொல்லையில் அடக்கமாகிக் கிடப்பவனுக்குக் குறை ஏதும் இல்லை என்பது உண்மைதான்.

8. இந்த வரியைப் பக்கத்து வீட்டுப் பையன் என் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டான். அதிலிருந்து அவர் அந்தப் பெருநாள் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் மையத்தின் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். "கடல்ல வந்தது யாரோ. எம்புள்ள சுகமாகி உள்ளதான் இருக்கான், விடமாட்டேங்கிறாங்க" என்கிறார். மய்யித்தைக் குளிப்பாட்டும் முன் முகம் பார்த்தவர் அவர். கண்ணால் கண்டதை விடக் கம்ப்யூட்டர் சொன்னது பெரிதாகிவிட்டது. வாட்ச்மேன் விரட்டுகிறார், நான் போய் அழைத்து வருகிறேன். அவர் இன்றுவரை மகனுக்காக அழவில்லை.

ஆகவே, ஒன்பதாம் மாதிரியை அழிக்கத் தாங்கள் ஆணையிட வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை, டாக்டரைத் தண்டிக்கவும் கேட்கவில்லை. சதக் கம்ப்யூட்டரிலும் மவுத்தாகிவிட்டான் என்று டாக்டர் நாகநாதன் தம் கைப்பட எழுதி, முத்திரையிட்டு, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என் தாயாரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். லட்டு கொண்டுவந்த அதே வாயால் சொன்னால்தான் அவர் நம்புவார்.

அதன் பிறகாவது என் தாயார் அழட்டும் ஐயா.

இடம்: பெரியபட்டினம்
நாள்: 16.03.2009

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
ஹமீதா பானு
(சதக்கின் அக்காள்)