படத்தில் இல்லாத பதினொரு வினாடி

கொர்ச்சா, அல்பேனியா
3 மார்ச் 1975

அன்புள்ள பொலிக்செனிக்கு,

நீ அனுப்பிய காப்பித்தூள் கிடைத்தது. உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதமாகிறது. வடிகாலை வேண்டுமென்றே கெடுத்தாராம், அதனால்தான் வயல்கள் மூழ்கினவாம். விசாரணையைப் படம் பிடிக்கிறார்களாமே? நீ அந்த ஸ்டூடியோவில்தானே இருக்கிறாய், பார்த்தாயா? ஒரு வரியாவது எழுது, கண்ணு.

உன் அண்ணி,
வசிலிகா

டிரானா
19 மார்ச்

அன்பு அண்ணிக்கு,

தோமா அண்ணனைத் திரையில்தான் பார்த்தேன். இளைத்திருக்கிறார். எடிட்டிங்குக்கு அந்தப் படத்தை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். “உன் அண்ணன்னு தெரிஞ்சுதாம்மா குடுக்கறோம். நீ எந்தப் பக்கம்னு நாங்களும் பாக்கணும்ல?” என்றார் டைரக்டர். வாங்கிக்கொண்டேன்.

இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஏலேனிக்குட்டிக்கு அத்தையின் முத்தம்.

பொலிக்செனி

கொர்ச்சா
6 மே

பொலிக்செனிக்கு,

படம் இங்கே வந்தது. நான் வேலை செய்யும் ஆலையிலிருந்து எங்களை வரிசையாக அழைத்துப்போனார்கள். “ஆமா, நான்தான் கெடுத்தேன்” என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. பக்கத்து வீட்டு மர்கா என் விலாவில் இடித்தாள். “தட்டுடி, எல்லாரும் உன்னையேதான் பாக்குறாங்க.” தட்டினேன்.

எங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையே, ஏன்?

துரோகியின் குடும்பம் என்று வெள்ளிக்கிழமை எங்களை வீட்டிலிருந்து கிளப்பி லுஷ்னியாப் பக்கம் சதுப்பு நிலத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டு மெத்தைக்குத்தான் அனுமதி. ஏலேனி பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வசிலிகா

டிரானா
11 மே

அண்ணி,

பேசினார். பதினொரு வினாடி. “பொண்டாட்டி கதை நமக்கெதுக்கு? எடுத்துடு” என்றார் டைரக்டர். நான்தான் வெட்டினேன்.

அது படத்தில் இருந்திருந்தாலும் உங்களை அனுப்பியிருப்பார்கள் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அனுப்பியிருப்பார்கள்தானே, அண்ணி? நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

பொலிக்செனி

லுஷ்னியா அருகே
2 ஜூன்

பொலிக்செனி,

எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதை அப்படியே எழுது. என்னைத் தேற்றுவதற்காக நீயாக எதையும் சேர்க்காதே. அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

வசிலிகா

டிரானா
9 ஜூன்

“என் மனைவிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பொண்ணு சின்னவ. அவங்கள வீட்டுலயே இருக்க விடுங்க. நீங்க சொல்லச் சொன்னதையெல்லாம் நான் சொல்லிட்டேனே.”