சரிவில் மட்டம் பார்த்த வண்டி

கார்த்திகை, சனிக்கிழமை.

நான் வீட்டிலேயே கட்டிய பீச் பக்கி என்ற திறந்த வண்டியின் பின் ஸ்பிரிங்கை மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் இறுக்கிவிட்டார். வட்டக்கானலில் எங்கள் வாசல் சரிவானது. அங்கேயே நிறுத்தி, வண்டி மட்டமாகத் தெரியும்வரை இடது ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கி அந்தப் பக்கத்தைத் தூக்கியிருக்கிறார்.

“ரசமட்டம் வச்சுப் பாத்தேன் மாமா, குமிழி நடுவுல நிக்குது.”

“வாசலுக்கு வச்சுப் பாத்தீங்களா மாப்ளே?”

“நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?” என்று சிரித்தார்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். வலப்புறம் திரும்பிய முதல் வளைவிலேயே வலது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

நாளை அதிகாலையில் என் மகளை ஏற்றிக்கொண்டு பூண்டிக்குப் போகிறாராம். வழியெல்லாம் மலை வளைவு.

ஸ்பேனரும் வண்டிச் சாவியும் இப்போது அவர் அறையில். அவர் இடது ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும். அதுவரை மகள் அதில் ஏறக்கூடாது. அதையும் அவரே சொல்ல வேண்டும். நான் சொன்னால் வீம்புக்கே ஏறிவிடுவாள்.