தந்தையார் இலை மடிக்கும் வரை

நலம் பெருகுக. தண்பொழில் நாட்டின் மலையையும் கடலையும் ஒரு குடைக்கீழ்க் காத்து நிற்பவளும், அடலேறு மரபில் முடி சூடியவளுமாகிய கோமகள் அருவிநங்கை, குடவரை எல்லைப் பாசறையிலிருந்து விடுக்கும் ஓலை. நம் தலைநகராம் அலைவாய்ப்பட்டினத்தின் நகரத் தலைவரும், நம் தந்தையார் காலந்தொட்டு இந்நாட்டின் உப்பைத் தின்று அதற்கு உண்மையாய் இருப்பவருமாகிய கண்ணந்தை உதிரனார் தம் கையில் வாங்கித் தாமே படிக்க. உமது மனையில் விளக்கு அணையாதிருக்க. உமது நகரத்துக் கிணறுகள் ஊறிக்கொண்டிருக்க. புறப்பட்ட கலங்கள் எல்லாம் கரை சேர்க.

எல்லையில் பகை அடங்கிற்று. அதை விரித்துரைக்கும் ஓலை அமைச்சருக்குத் தனியே போகிறது. அதில் வெற்றி என்ற சொல் பலமுறை வரும், கேட்டு மகிழ்க. இவ்வோலை சோற்றைப் பற்றியது. நாம் ஊர் திரும்பியபின் ஒரு மாலைப்பொழுதில், முடி துறந்த நம் தந்தையார் நெடுங்கோ அவர்களோடு, நகரத்துள் ஒரு சாதாரணச் சோற்றுவீட்டில் அமர்ந்து உண்ண இருக்கிறோம். எந்த வீடு என்பதையும் முடிவு செய்துவிட்டோம். காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். அது தெரியாவிட்டால் நீர் நல்லெண்ணத்தாலேயே எல்லாவற்றையும் கெடுத்துவிடுவீர்.

அரண்மனைப் பந்தியின் முறை நீர் அறிந்ததே. முடி சூடியவர் இலையிலிருந்து கையெடுத்து எழுந்தால், பந்தியில் உள்ள அனைவருடைய இலைகளும் அக்கணமே எடுக்கப்படும். தந்தையார் அரசராயிருந்தவரை இது யார் கண்ணையும் உறுத்தியதில்லை. அவர் பேசிப் பேசி உண்பவர். மற்றவர்கள் மோருக்கு வந்து வெகுநேரம் ஆன பின்னும் அவர் பொரியலைப் புகழ்ந்துகொண்டிருப்பார். பிறகு அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. முத்திரையை நேராக அழுத்த முடியாத கை நாட்டை ஆளலாகாது என்று அவரே அவையில் கூறி, முடியைக் கழற்றி நம் தலையில் வைத்தார்.

சென்ற வேனிலில் நடந்தது உமக்குத் தெரியாது. தந்தையாரும் நாமும் அருகருகே உண்ண அமர்ந்திருந்தோம். ஒரு பிடிச் சோற்றை இலையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோக அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பாதி வழியில் பாதி சிந்திவிடும், அவர் மறுபடியும் பிசைவார். அப்போது எல்லைக் காவலரண் தீப்பற்றியதென்று தூதன் ஓடிவந்தான். நாம் எழுந்தோம். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, பரிமாறுவோன் தந்தையாரின் இலையை எடுத்துவிட்டிருந்தான். குழம்பு ஊற்றிய சோறு அதில் அப்படியே இருந்தது. அவர் கையில் ஒரு கவளம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறியவன்மேல் பிழை இல்லை, அவனுக்குப் பழக்கியது அது. தந்தையாரோ நம்மைப் பார்த்துச் சிரித்து, சமையல் அருமை என்றும், வயிறு நிறைந்துவிட்டது என்றும், நின்று வேடிக்கை பாராமல் நாட்டைப் போய்ப் பார்க்கும்படியும் கூறினார்.

உதிரனாரே, இவ்விடத்தில் நாம் என்று எழுதக் கை வரவில்லை. அவர் என் அப்பா. அன்று என் நெஞ்சு உடைந்தது, இன்றுவரை ஒட்டவில்லை.

மறுநாளே அம்முறையை நீக்கி ஆணை எழுதினோம். தந்தையார் அதை முத்திரையிட விடவில்லை. தாம் ஆண்ட காலத்தில் எத்தனையோ பேர் அரைவயிற்றோடு அந்தப் பந்தியிலிருந்து எழுந்துபோயிருப்பார்கள் என்றும், அவர்களுக்கு வளையாத முறை தம் ஒருவர் வயிற்றுக்காக வளைந்தால் அது தமக்கு வெட்கக்கேடு என்றும் உரைத்தார். பிடிவாதத்தில் அவர் எப்படி என்பதை உமக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் நாம் உண்ண அழைக்கும்போதெல்லாம் இப்போதுதான் உண்டேன் என்பார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே உண்கிறார் என்றும், சிந்திய பருக்கைகளை ஒருவரும் காணாதபடி தாமே குனிந்து பொறுக்குகிறார் என்றும் மடைப்பள்ளியார் சொல்லக் கேட்டோம். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அப்பாவும் மகளும் சேர்ந்து உண்ணாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இனி நடுக்கம் தொண்டைக்கும் இறங்கும் என்றும், அடுத்த மழைக்காலத்தில் கஞ்சிகூட இறங்குவது அரிது என்றும் மருத்துவர் நம்மிடம் தனித்துச் சொன்னார். தந்தையாரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று நாம் நம்பவும் இல்லை.

ஆனால் அரண்மனை முறை அரண்மனை வாசலோடு நின்றுவிடும். சோற்றுவீட்டுக்குள் நுழைபவர் எவராயினும் தம் பட்டத்தைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்தல் வேண்டும் என்பது தந்தையாரே பிறப்பித்த நகரச் சட்டம். அச்சட்டத்தை அவருக்கே நினைவூட்டிச் செய்தி அனுப்பினோம். பக்கத்து இலைக்காரர் தம் கையை உற்றுப் பாராத இடமாக இருந்தால் வருவதாக மறுமொழி விடுத்தார். அந்த மறுமொழி வந்த அன்று பாசறையில் நாம் நன்றாக உறங்கினோம்.

வீடுகளைப் பார்த்துவர நம் மெய்க்காவலர் தத்தனாரை அனுப்பினோம். ஒவ்வொன்றிலும் வயிறார உண்டுதான் ஆராய்ந்தார் என்பது திரும்பி வந்த அவர் இடைக்கச்சையைப் பார்த்தாலே தெரிந்தது. மேலைத்தெருவின் அறுசுவை மாடத்தில் முன்னதாகவே நாளும் நாழிகையும் சொல்லிவைக்க வேண்டுமாம். வந்தவரின் குலத்தையும் ஊரையும் கேட்டு அதற்கேற்ப உட்காரப் பலகை போடுகிறார்களாம். அப்படி உண்பதற்கு அரண்மனையே போதும். துறைமுகத்து நண்டுச்சாற்றுக் கடையை நாமே தேர்ந்திருப்போம், அந்தச் சாற்றின் மணத்துக்காக. ஆனால் அங்கே உண்பவன் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நின்று, இவன் எப்போது எழுவான் என்று இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். தந்தையாரை அங்கே உட்கார வைக்க மாட்டோம். யாழும் முழவும் ஒலிக்கும் தோட்டத்து விடுதியோ, உண்ணப் போகிறவர்களுக்கு ஆனது அன்று. பார்க்கப்படப் போகிறவர்களுக்கு ஆனது.

நாம் தேர்ந்தது சங்குத்துறைச் சந்தில் ஓரியாள் என்னும் பெண்மணி நடத்தும் வீடு. சுவர் கரி பிடித்தது. பலகை ஒன்று ஆடும். எப்போது போனாலும் அடுப்பில் ஏதோ ஒன்று இருக்கும். ஒருவர் ஓர் ஆப்பத்தோடு எழலாம், ஒருவர் பொழுது சாயும்வரை அமர்ந்திருக்கலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. சுறாப்புட்டு பஞ்சுபோல இருக்கிறதாம். தந்தையாருக்கு அது உயிர், விழுங்கவும் எளிது. ஒருவர் எவ்வளவு நேரம் அமர்ந்து உண்ணலாம் என்று தத்தனார் கேட்டதற்கு அந்த அம்மை கொடுத்த விடையை அவர் மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்: "சாப்பிடுறவங்க இலையை நான் எதுக்குத் தொடணும்? அவங்களா மடிச்சுட்டு எந்திரிக்கட்டும். நீங்க சாப்பிட வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?" இதைப் படித்த இடத்திலேயே நம் தேடல் முடிந்தது.

ஆகவே உமக்கு ஆணையிடுவது. நாம் வரும் நாளைக் குறிக்கவில்லை. நம் படகுகள் வரவேண்டிய ஆற்றில் காற்று எப்போது திரும்பும் என்பது தெரியாது. தந்தையாரின் கை எந்த மாலையில் சற்று அடங்கியிருக்கும் என்பதும் தெரியாது. இரண்டும் கூடிவரும் மாலையில் வருவோம். உம்மை நாம் அறிவோம், ஒரு குவளைத் தண்ணீர் கேட்டால் குளம் வெட்டி நிற்பவர் நீர். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்காதீர். ஆடும் பலகையைச் செப்பனிடாதீர். அன்றாடம் வரும் வலைஞரையும் சுமைகாரரையும் விலக்காதீர்; அவர்கள் பசியோடு வருபவர்கள், தம் இலையைப் பார்ப்பார்களேயன்றி அடுத்தவர் கையைப் பார்க்க மாட்டார்கள். ஓரியாளிடம் நாம் யார் என்று சொல்லாதீர். தந்தையார் சிந்தினால் யாரும் துணியோடு ஓடிவரலாகாது. நாமும் சிந்தியே உண்போம்.

இன்னும் ஒன்று, இதுவே தலையாய ஆணை. அம்மாலையில் எல்லையிலிருந்து எந்தத் தூதன் எத்தகைய செய்தியோடு வந்தாலும், கோட்டையே இடிந்ததாயினும், அவனைச் சந்து முனையில் நிறுத்தி வைப்பீராக. ஓரியாள் வீட்டு வாசற்படியை அவன் தாண்டுவானாகில் தண்டனை அவனுக்கு அன்று, உமக்கு. நம் இலையில் உணவு தீர்ந்த பின்னும் நம் கை இலைமேலேயே இருக்கும். எம் தந்தையார் தம் கையாலேயே தம் இலையை மடிக்கும் வரை இந்நாட்டுக்கு அரசி இல்லை. யாது நேர்ந்தாலும் அதுவரை நாடு காத்திருக்கட்டும்.

வயிறு நிறைந்துவிட்டது என்று சென்ற வேனிலில் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பொய், ஒரே ஒரு மாலையேனும் மெய்யாகட்டும்.

இவ்வண்ணம் நம் கையால் எழுதி, அடலேறு முத்திரையை நாமே அழுத்தி விடுத்தோம். படித்தபின் பிறர் காணாமல் அடுப்பிலிடுக. ஆணையை மட்டும் நெஞ்சில் வைத்து நிறைவேற்றுக.